முன் சீட்டில் உட்கார்ந்தவள்

முன் சீட்டில் உட்கார்ந்தாள், முன் சீட்டில் உட்கார்ந்தாள் என்று ஊரே சொல்கிறதே, பின்னால் எப்படி உட்கார்ந்தார்கள் என்று யாராவது சொன்னீர்களா? ஏலத்தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றுகிற உக்கிரபாண்டி ஜீப்பின் பின்பக்கம் ஆட்டை அடைத்த மாதிரி பொம்பளைகளை அடைத்திருக்கும். மடியில் ஒருத்தி, முதுகில் ஒருத்தி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மற்றவர்கள். அதற்குள்ளேயே தூக்குச்சட்டி, மழைக்குப் போர்த்துகிற சாக்கு, வெற்றிலை எச்சில், எல்லாம். நெஞ்சில் நோயை வைத்திருக்கிறவள் அந்த நெரிசலில் உட்கார்ந்து போடிமெட்டு ஏறினால் மேலே போய்ச் சேர்வது பொணம்தான். சுருளியம்மாள் முன்னால் உட்கார்ந்தது மூச்சு விடுவதற்கு. வேறு எதற்கும் இல்லை.

சரி, மலையிலிருந்து நொண்டி நொண்டி வந்தாளே, அது என்ன என்று அடுத்த கேள்வி. எல்லாரையும் தோட்டத்தில் இறக்கிவிட்டு அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஜீப்பு தனியாகப் போனதே, அதுக்கு என்ன சொல்கிறாய் என்று அதற்கடுத்த கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. பாதியில் எழுந்து போகாமல் கேட்டால் போதும். பின்னால் அவளே தன் வாயால் சொன்னதுதான் இது. சிலமலையில் அவளைப் பற்றிப் பேசினவர்கள் ஒருத்தரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசவில்லை.

சுருளி பிறந்தது மலையில். அவள் அப்பன் அமாவாசை சிலமலைக்காரன்தான். மழையை நம்பின நிலம் இரண்டு வருசம் சேர்ந்தாற்போல் ஏமாற்றியதும் ஏலத்தோட்டத்துக்கு ஏறிவிட்டான். தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் இரண்டு குடும்பம். நடுவில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டால் இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. மழைக்காலத்தில் கதவைத் திறக்க முடியாது. அடுப்புப் புகையும் ஈரத்துணி வாடையும் உள்ளேயே சுற்றும். அந்தப் பக்கத்துப் பிள்ளை இருமினால் இரண்டு நாளில் இந்தப் பக்கத்துப் பிள்ளை இருமும். தொண்டை வலி லயம் முழுக்க வரிசையாக நடந்து போகும். தொண்டை வலிக்கெல்லாம் யார் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். சரியாகியும்விடும். அங்கேதான் அந்த நோய் ஏமாற்றுகிறது.

எழுபதோ எழுபத்தொன்றோ, சுருளிக்குப் பத்து வயசு இருக்கும். தொண்டை ஆறி, விளையாடப் போன பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல். முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கியது. அது வற்றினால் கணுக்கால். கணுக்கால் வற்றினால் முழங்கை. ஓடுகிற வலி என்றால் அது வாயு என்று லயத்துப் பொம்பளைகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நொச்சி இலையை வதக்கிக் கட்டினார்கள். வீக்கம் மொத்தமும் இறங்கிவிட்டது.

அமாவாசைக்குத் தலைகால் புரியாத சந்தோசம். சித்திரையில் மகளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கி வீரபாண்டி அம்மன் கோயிலுக்குப் போனான். நேர்ந்தபடி அவள் கையில் தீச்சட்டியைக் கொடுத்தான். வேப்பிலையும் நெருப்பும் ஏந்திக்கொண்டு பிள்ளை வெயிலில் நடந்தாள். பாதி தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தோள் குலுங்குகிறது, மூக்கு விடைக்கிறது, கண் சொருகுகிறது. ஆத்தா இறங்கிட்டா என்று கூட வந்த பொம்பளைகள் குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். பெரிய ஆம்பளைகள் வந்து அவள் காலில் விழுந்து குறி கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. பேசுவதற்கு மூச்சு இருந்தால்தானே சொல்லுவாள். "எனக்குச் சாமியெல்லாம் வரல, யாராச்சும் சட்டிய வாங்க மாட்டாகளான்னு இருந்துச்சு" என்றாள் பின்னால்.

அதற்கப்புறம் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள். கன்னியாஸ்திரிகள் மலையில் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாரத்துக்கு ஒருநாள் அங்கே டாக்டர் வருவார். அவர் குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"முட்டியில வந்த நோய் முட்டியோட போகல. நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கு. நெஞ்சுக்குள்ள ரத்தம் போறதுக்கு ஒரு கதவு இருக்கு. அது தடிச்சுப்போய் பாதிதான் திறக்குது."

"தொண்ட வலிதானே சாமி வந்துச்சு," என்றான் அமாவாசை.

"ஆரம்பம் அதுதான். உன் தோட்டத்துக்குன்னு வந்த நோய் இல்ல இது. உலகம் பூராவும் இருக்கு, நெருக்கியடிச்சுப் படுக்கிற இடம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம். வெள்ளைக்காரன் ஊர்லயும் ஒருகாலத்துல இருந்துச்சு. வீடு அகலமாச்சு, தொண்டை வலிக்கே மருந்து கொடுத்தாங்க, குறைஞ்சிருச்சு."

"அப்ப வீட்ட அகலமாக்கணும்கிறீக. அத முதலாளிகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க சாமி. நான் சொன்னா இருக்கிற பாதி ரூமும் போயிரும்."

டாக்டர் சிரித்துவிட்டார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட வேண்டும், வருசக் கணக்கில் போட வேண்டும், மறுபடி தொண்டை வலி வந்தால் அந்தக் கதவு இன்னும் கெட்டுப்போகும் என்று சொல்லி அனுப்பினார். கெட்டியான மருந்து அது. இடுப்புக்குக் கீழே போட்டால் அன்றைக்கு முழுக்கக் கால் இழுக்கும். நொண்டியதற்குப் பதில் இதுதான். கேட்டவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

ஊசி போடுகிற மலையாளத்து சிஸ்டர் அவளை மோளே என்று கூப்பிடுவாள். சுருளி வளர்ந்தாள். பார்ப்பதற்கு நோய்க்காரி மாதிரியே இருக்க மாட்டாள். மேடு ஏறினால்தான் தெரியும். சிலமலையில் வாழ்க்கைப்பட்ட அமாவாசையின் தங்கச்சி சுந்தரம்மாள் தன் மகன் ராக்கையாவுக்கு அவளைக் கேட்டு வந்தாள். அண்ணன் மகள், உரிமைப் பெண். அமாவாசையால் மறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மகளைத் தனியாக அழைத்தான்.

"ஊசியப் பத்தி மூச்சு விடாத தாயி. ஒங்கத்த நல்லவதான். ஆனா நோய்க்காரின்னு தெரிஞ்சா எந்த வீட்டுலயும் நல்லவளா இருக்க மாட்டாக."

"எத்தன நாளைக்குப்பா மறைக்கிறது?"

"நான் இருக்கேன்ல, பாத்துக்கலாம்."

அடுத்த மழைக்கு அவன் இல்லை. ரகசியத்தை மகள் தலையில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மா அதற்கு முன்பே இல்லை.

சிலமலையில் சுந்தரம்மாளுக்குக் கொஞ்சம் புஞ்சைக் காடு, ஒரு கிணறு, இரண்டு மாடு. சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைமேடு ஏறுவதற்குள் சுருளி மூன்று இடத்தில் நின்றுவிடுவாள். "மலையில பெறந்தவளுக்கு இந்த மேடு ஏற மூச்சு வாங்குதாக்கும்" என்பாள் அத்தை. முதலில் கேலியாகச் சொன்னாள், அப்புறம் சொகுசுக்காரி என்றாள், அதற்கப்புறம் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். ராக்கையா கெட்டவன் இல்லை. ஆத்தா பார்க்காதபோது கிணற்றிலிருந்து தண்ணீரைத் தானே இறைத்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி போய்விடுவான். அவனிடம் சொல்லிவிடலாம் என்று சுருளி எத்தனையோ தரம் வாயைத் திறந்தாள். அவன் "என்ன" என்பான். "ஒண்ணுமில்ல மச்சான்" என்பாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே தூங்குவாள். பக்கத்தில் ஆள் படுத்திருக்க, தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு தனிமை உண்டா? வெறும் வீட்டில் இருப்பது எவ்வளவோ தேவலை.

ஒரு பிள்ளை வயிற்றில் நின்றது. ஏழாம் மாசம் அது போய்விட்டது. அவளும் போகவேண்டியவள். வீட்டில் கண்பட்டுவிட்டது என்றார்கள். மலை ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டர் கோபப்பட்டார். மறுபடி உண்டானால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார். மதுரை பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து அந்தக் கதவை விரல் விட்டு அகலப்படுத்திவிடுவார்கள், அப்புறம் வீட்டு வேலை செய்யலாம், ஒருவேளை பிள்ளையும் பெறலாம் என்றார். தானே அங்கே சொல்லிவைத்து, தை மாசக் கடைசியில் போகச் சொன்னார்.

"கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும்மா. உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ."

ஆளுக்கு எங்கே போவாள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஊசியே தெரியாது.

ஊசிக்கு எப்படிப் போனாள் என்று கேட்பீர்கள். ஏலக்காய் எடுக்கிற காலத்தில் சிலமலைப் பொம்பளைகள் விடியவே ஜீப்பு ஏறி மலைக்கு வேலைக்குப் போவார்கள். சரிவில் குனிந்து காய் எடுக்க சுருளியால் ஆகாது. காய் உலர்த்துகிற ஸ்டோரில் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரிக்கிற சோலியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தச் சாக்கில்தான் ஊசி.

எண்பத்து மூன்று ஆவணியில் நல்ல மழை. ஜீப்பின் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தது. வளைவுக்கு வளைவு பின்னால் இருந்த கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் சாயும். சாய்கிற பக்கத்தில் சுருளி. உதடு நீலம் பாய்ந்து, "அண்ணே, நிறுத்துங்க" என்றாள். இறங்கிப்போய் ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு துப்பினாள். சிவப்பு நுரை. வெற்றிலை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உக்கிரபாண்டி இறங்கி வந்து பார்த்தான். பேரன் எடுத்த ஆள் அவன்.

"நீ வெத்தல போட்டு நான் பாத்ததில்லையே தாயி."

"பாத்தத யார்ட்டயும் சொல்லாதீங்கண்ணே."

அவன் ஜீப்பிடம் போய், முன் சீட்டில் வழக்கமாக உட்காரும் பொன்னுமணியைப் பார்த்தான்.

"யக்கா, நீ பின்னால போ. இது முன்னால வரட்டும்."

"நான் எதுக்குப் போகணும்? கங்காணி பொண்டாட்டி நானு."

"அவரு தோட்டத்துல கங்காணி. இந்த ஜீப்புக்கு நாந்தேன் கங்காணி. எறங்கு."

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. பொன்னுமணி அன்றைக்குப் பின்னால் ஏறும்போது வாயை மூடினவள், சாயங்காலம் சிலமலையில் இறங்கியதும் திறந்தாள். திறந்த வாயை அவள் மூடவே இல்லை. ஊசி நாளில் ஸ்டோரிலிருந்து ஆஸ்பத்திரி மேட்டுக்கு நடக்க முடியாதே என்று உக்கிரபாண்டி சுருளியை ஏற்றிக்கொண்டு போய் விடுவான். ஜீப்பு தனியாகப் போனதைப் பொன்னுமணி பார்த்தாள். சுருளி நொண்டி வந்ததைப் பார்த்தாள். அன்றைக்குக் கூலி குறைந்ததையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியை மட்டும் பார்க்கவில்லை.

பேச்சு வீடு வந்து சேர்ந்தபோது தை பிறந்திருந்தது. சுந்தரம்மாள் மருமகளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பங்காளி வீட்டுப் பெரியவர் ஜக்கையனைக் கூப்பிட்டனுப்பினாள். முற்றத்தில் கருப்பசாமியை நினைத்து ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் சூடத்தை ஏற்றினார்கள். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தால் சத்தியம். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. சத்தியத்தின் வார்த்தையைப் பழி சொன்ன பக்கம்தான் சொல்லும். செய்கிறவள் அதை மாற்றக்கூடாது. பொன்னுமணியும் வந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.

"சொல்லு தாயி," என்றார் ஜக்கையன். "எம்புருசனுக்குத் தெரியாம, இந்த வீட்டுக்குத் தெரியாம, நான் ஒண்ணும் செய்யல. அம்புட்டுத்தேன். சொல்லி அமத்து."

சுருளி கையைக் கொண்டுபோனாள். சூட்டுக்குக் கிட்டே போனதும் கை நின்றுவிட்டது.

"அந்த மனுசன் எனக்கு அப்பன் மாதிரி. அப்பிடிச் சொல்லி அமத்துறேன் பெரியய்யா."

"வார்த்தைய மாத்தப்படாது. சொன்னதச் சொல்லு."

"சொன்னதச் சொல்ல முடியாது."

"பாத்தீகளா," என்றாள் பொன்னுமணி.

சூடம் தானாக எரிந்து அணைந்தது. பொய்ச் சத்தியம் பண்ணத் துணிந்திருந்தால் அன்றைக்கே உத்தமி ஆகியிருப்பாள். வாய் நிறைய அவளைக் கெட்டவள் என்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் எனக்கு விளக்கிச் சொல்லட்டும். கெட்டவளுக்கு ஒரு துண்டுச் சூடத்தை அணைக்க என்ன பயம்?

ஆட்கள் போன பிறகு அத்தையையும் புருசனையும் உட்காரவைத்து சுருளி எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கால் வீங்கியதிலிருந்து மதுரைக்கு நாள் குறித்தது வரைக்கும் சொன்னாள். ஊசி போட்டுப் போட்டுக் காய்த்துப்போன இடத்தைச் சேலையை ஒதுக்கி அத்தைக்குக் காட்டினாள். ராக்கையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுந்தரம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்கண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியும் அத்தே."

அப்புறம் சுந்தரம்மாள் அழுதாள். மருமகளுக்காக அழவில்லை. கூடப் பிறந்தவன் தன்னை ஏமாற்றிவிட்டானே என்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"நீ தப்பு செய்யல. நான் நம்புறேன். ஊர்ல நானே வீடு வீடாப் போயி சொல்றேன். பொன்னுமணி வாயில மண்ண அள்ளிப் போடுறேன். ஆனா இனிமே ஜீப்பு கெடையாது, மலை கெடையாது, ஊசி கெடையாது. மருதைக்குப் போயி நெஞ்சப் பொளந்துக்கிட்டு வந்தா, பெறகு ஒன்ன யாரு பொம்பளைன்னுவா? ஒரு தரம் ஆத்தா காப்பாத்துனாள்ல? இந்தச் சித்திரைக்கும் தீச்சட்டி எடு. மறுபடி இறங்குவா."

கெட்ட மனசில் சொன்னதில்லை. அத்தை அதை முழுக்க நம்பினாள். அதனால்தான் சுருளியால் சண்டைகூடப் போட முடியவில்லை. வீட்டிலேயே இருந்தால் பேர் நிற்கும், உயிர் நிற்காது. போனால் பொன்னுமணி சொன்னதெல்லாம் நிசமாகிவிடும். எந்த ஊசிக்கும் அந்த வலி கிடையாது என்று சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. கடலை பிடுங்குகிற நேரம். சுந்தரம்மாள் ஆட்களோடு காட்டில் இருந்தாள். கஞ்சி குடிக்க வந்த ராக்கையாவுக்கு ஊற்றி வைத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சுருளி கேட்டாள்.

"மச்சான், கூட ஒரு ஆள் இல்லாமச் சேக்க மாட்டாகளாம். நீங்க வந்து வாசல்ல உக்காந்திருந்தாப் போதும். பேசக்கூட வேணாம்."

ராக்கையா எழுந்துபோய்க் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டான். வெளியூர் போகும்போது போடுகிற சட்டை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு சந்தோசமாக அவள் இருந்ததில்லை.

"ஆத்தாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வெரசா வந்துர்றேன்," என்றான்.

"சொல்லாம வாங்க மச்சான்."

"சொல்லாம எப்பிடிடீ? பெத்தவ இல்லையா?" என்றவன், வாசலில் திரும்பி, "வந்துருவேன்" என்றான்.

அவள் இரண்டு சேலையை மஞ்சள் பையில் வைத்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி சிஸ்டர் கொடுத்த சீட்டை ரவிக்கைக்குள் வைத்தாள். போடியில் மதுரை ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ரோட்டுக்கு நடந்து பஸ்சைப் பிடிக்க வேண்டும். அடுப்பை அணைத்தாள். வெளியே வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் காடு தெரியும்.

வெகுநேரம் நின்றாள். கடலைக் கொடியைப் பிடுங்கி உதறுகிற சத்தம் மட்டும் வந்தது. யாரும் வரப்பில் வரவில்லை. மோட்டார் ரூம் பக்கத்து முள்வேலியைப் பார்த்தாள். அதன்மேல் வெள்ளைச் சட்டை கிடந்தது. கழற்றி, அழுக்காகாமல், நன்றாக விரித்துப் போட்டிருந்தான். அதற்கு அப்பால் ஆட்களோடு ஆளாக ஒரு முதுகு குனிந்திருந்தது.

அவள் கூப்பிடவில்லை. அவ்வளவு தூரத்துக்குக் கூப்பிட அவளுக்கு மூச்சும் இல்லை.

திரும்ப உள்ளே போய், அவர்கள் மத்தியானத்துக்கு வந்தால் சாப்பிட வேண்டுமே என்று சோற்றுப்பானையை மூடி, கோழி தள்ளிவிடாமல் மூடியின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். அதைத் தூக்கியதற்குக் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தாள். மூச்சு அடங்கியதும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.